காற்றைத் தூய்மையாக்கும் கருவியும் நம் அடுப்பங்கரையும்

இல்லத்திற்கு ஒரு பொருள் வாங்குவதென்றால் நம் குடும்பங்களில் அது பலநாள் ஆலோசனையாக நடைபெறும். மாவரைக்கும் இயந்திரம் வேண்டுமா, துணி துவைக்கும் இயந்திரம் வேண்டுமா என்று பேசிய காலம் போய், இப்போது காற்றைத் தூய்மை செய்யும் இயந்திரம் பற்றிய பேச்சும் எழுந்துவிட்டது. மூச்சுவிடும் காற்றுக்கும் காசு கொடுக்கும் காலம் வந்துவிட்டதே என்று பெரியவர்கள் வியக்கிறார்கள். அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும், நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காரும் ஒரு பிள்ளை இருக்கின்ற வீட்டில் அது வெறும் வியப்பாக நின்றுவிடுவதில்லை.

எங்கள் வீட்டில் அத்தகையோர் இருவர். என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர். ஐம்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர். புகையிலையை வாழ்நாளில் தொட்டறியாத அவருக்கு, நெடுங்காலம் புகைபிடித்தவர்களுக்கு வரும் நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வந்திருப்பதாக மருத்துவர் கூறினார். என் இளைய மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஆஸ்துமா. மார்கழிப் பனி இறங்கினால் இரவில் இழுப்பு வந்துவிடும். பாட்டியும் பேத்தியும் ஒரே அறையில் உறங்குபவர்கள். ஒருவர் இருமினால் மற்றவர் விழித்துக்கொள்வார்.

இந்நிலையைக் கேள்வியுற்ற என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். 2013 ஜூன் மாதத்தில் இந்தோனேசியாவின் சுமத்ராவில் காடுகள் எரிந்த புகை சிங்கப்பூரைச் சூழ்ந்ததையும், ஜூன் 21 அன்று அந்நாட்டின் காற்று மாசுக் குறியீடு 401 வரை ஏறியதையும் நேரில் கண்டவர் அவர். நூறைத் தாண்டினாலே உடல்நலத்துக்கு ஆகாது என்று எண்ணப்படும் குறியீடு அது. அந்த நாள்களில் வாங்கிய கருவி அவர் வீட்டில் இன்றும் இருக்கிறது. "மச்சான், காசைப் பற்றி யோசிக்காதீங்க. அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வர்றேன். மாமியும் பிள்ளையும் நிம்மதியாத் தூங்கட்டும்" என்றார்.

அன்போடு தரும் பொருளை மறுப்பது அழகன்று. ஆனால் வாங்குவது எதுவாயினும் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று அறிந்து வாங்குவதே முறை. நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன், அறிவியல் மாணவனல்லன். ஆகவே மருத்துவரிடமும், பள்ளி ஆசிரியர்களான நண்பர்களிடமும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை என்னைப் போன்ற எளியோருக்கு விளங்கும் வண்ணம் எழுதுகிறேன்.

புகை எங்கே பிறக்கிறது?

முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். சிங்கப்பூரில் புகை கடல் கடந்து வெளியிலிருந்து வந்தது. சன்னல்களை அடைத்து, உள்ளேயிருக்கும் காற்றைக் கருவியினால் தூய்மை செய்துகொண்டார்கள். ஆண்டுதோறும் பனிக்காலத்தில் தில்லி மக்கள் செய்வதும் அதுவே.

நம் வரதராஜன்பேட்டையின் நிலை வேறு. முந்திரிக் காடுகள் சூழ்ந்த ஊர் இது. காய்ந்த முந்திரிக் கிளையும் சருகும் விறகாகின்றன. முந்திரிக்கொட்டையின் ஓட்டையும் சிலர் எரிபொருளாக்குகின்றனர். தோலில் பட்டால் கொப்புளிக்கச் செய்யும் எண்ணெய் அந்த ஓட்டில் இருப்பதால், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஏழைக் குடும்பங்களுக்குத் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியதும், 2016 மே முதல் நாளில் மத்திய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியதும் பல வீடுகளின் சமையலை மாற்றியிருக்கின்றன. ஆயினும் வெந்நீர் காய்ச்சவும், பெரிய பானையில் சோறு வடிக்கவும் விறகடுப்பு இன்னும் மூலையில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆக, இங்கே புகை பிறப்பது வீட்டுக்குள்ளேயே.

2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் சமையல் புகையினால் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் கருவுற்ற பெண்களிடையே நடந்த ஒரு பெரிய ஆய்வில் நம் தமிழகமும் இடம் பெற்றது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் அறிஞர்கள் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் அதை நடத்தினர். ஒரு சாராருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. மறு சாரார் வழக்கம்போல் விறகில் சமைத்தனர். 2022-இல் வெளியான முடிவின்படி, விறகில் சமைத்தோர் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது. எரிவாயுவில் சமைத்தோருக்கு அது 23.9 மைக்ரோகிராமாகக் குறைந்தது. பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வேறுபாடு தோன்றவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர். எனினும் அடுப்பை மாற்றிய அளவிலேயே புகை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அடுப்போடு புகை நின்றுவிடுவதில்லை. கொசுவர்த்திச் சுருளும் இருக்கிறது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடுகிறது என்று கண்டது. இரவு முழுவதும் அதைக் குழந்தையின் தலைமாட்டில் வைக்கிறோம்! உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை என்பதை நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். மஃரிபுக்குப் பின் போடும் சாம்பிராணியும், விருந்தினருக்கு எழுப்பும் ஊதுப் புகையும் மனத்துக்கு இனியவை, மறுப்பதற்கில்லை. ஆனால் நறுமணப் புகையும் நுரையீரலுக்குப் புகையே. மூச்சு நோயாளி இருக்கும் வீட்டில் அவற்றைத் தவிர்த்து, அளவோடு அத்தர் பூசிக்கொள்வது மேல்.

கருவி செய்வது என்ன?

இக்கருவிக்குள் ஒரு மின்விசிறி அறைக் காற்றை இழுத்து வடிகட்டிகளின் ஊடே செலுத்துகிறது. முதல் வலை தலைமுடி, பஞ்சு போன்ற பெருந்தூசியைப் பிடிக்கும். அடுத்தது 'ஹெப்பா' எனும் வடிகட்டி. 1940-களில் அமெரிக்காவின் அணு ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவான வகை இது. நெருங்கிப் பின்னிய நுண்ணிழைகளால் ஆனது. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பிடிபடுவதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலும் 10,000-க்கு 9,997-ஐ இது பிடித்துவிடும். புகைத்துகள், பூந்தாது, பூஞ்சைத்துகள் ஆகியவை இதில் அடங்கும். 'ஹெப்பா போன்றது', 'ஹெப்பா வகை' என்று அச்சிட்டு விற்பவை அத்தரத்தை எட்டியவை என்று கொள்ளற்க. வாங்குவோர் அவ்வெழுத்தைக் கவனித்துப் படிக்கவேண்டும்.

நாற்றம் என்பது துகளன்று, வாயு. அதை ஹெப்பா பிடிக்காது. அதற்கென மூன்றாவதாக வீரியமூட்டிய கரி வடிகட்டி வேண்டும். கரியை மெல்லிய தாள்போல் பூசியிருந்தால் சில வாரங்களில் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். மணிமணியாக, கையில் எடுத்தால் கனமாக இருக்குமளவு கரி நிரப்பியிருந்தால்தான் மீன் பொரித்த வாடையும் தாளித்த வாடையும் அடங்கும்.

செய்யாதது என்ன?

கரியடுப்பும் கணப்பும் எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு எனும் நச்சுவாயுவை இக்கருவி நீக்காது. கருவி ஓடுகிறதே என்று அடைத்த அறையில் நெருப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசிப்பூச்சியின் கழிவு ஒவ்வாமைக்கு ஒரு பெருங்காரணம். அது பெரும்பாலும் துணியிலேயே தங்கியிருக்கும்; காற்றில் மிதப்பது குறைவு. அதற்கு மருந்து, வாரம் ஒருமுறை விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதே. சுவரில் ஈரம் கசிந்து பூஞ்சை படர்ந்திருந்தால் முதலில் கசிவை அடைக்கவேண்டும்.

கும்பகோணத்தில் ஒரு கடையில், ஓசோன் வாயுவை உண்டாக்கி நாற்றத்தை அழிக்கும் என்று ஒரு கருவியைப் பெருமையாகக் காட்டினார்கள். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், சுவாசத்தில் கலந்தால் நுரையீரலை அரிக்கும், ஆஸ்துமாவைத் தூண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2010 முதல், வீட்டுக் கருவிகள் வெளியிடும் ஓசோனுக்குச் சட்டத்தால் வரம்பு கட்டியிருக்கிறது. ஆகவே ஓசோன் கருவியை மூச்சு நோயாளியின் வீட்டுக்குள் கொண்டுவரலாகாது. சட்டியில் செடி வைத்தால் காற்று தூய்மையாகும் என்பதும் பரவலான நம்பிக்கை. பழைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2019-இல் வெளியான கட்டுரை, சன்னல் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. செடி கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

அறைக்கேற்ற அளவு

கருவியின் பெட்டியில் 'சி.ஏ.டி.ஆர்.' என்று ஓர் எண் இருக்கும். மணிக்கு எத்தனை கன மீட்டர் தூய காற்றைத் தரும் என்பதே அதன் பொருள். அறைக் காற்று மணிக்கு ஐந்து முறையேனும் தூய்மையாவது நலம். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர் காற்று இருக்கும். ஐந்தால் பெருக்கினால் 170. அதற்குக் குறைந்த எண்ணுடைய கருவி அவ்வறைக்குப் போதாது. இந்த எண் விசிறி முழுவேகத்தில் ஓடும்போது கிடைப்பது. இரவில் ஓசைக்கு அஞ்சிக் குறைத்து வைத்தால் பயனும் குறையும். ஆகவே சற்றுப் பெரிதாக வாங்கி, நடுத்தர வேகத்தில் ஓடவிடுவது அறிவுடைமை.

செலவையும் கணக்கிடவேண்டும். நாற்பது வாட் கருவி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் பத்து யூனிட் அளவுக்கு மின்சாரம் ஆகும். அது பெரிதன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றவேண்டிய வடிகட்டியின் விலையே பெரிது. அவ்வடிகட்டி திருச்சியிலோ கும்பகோணத்திலோ கிடைக்குமா என்று கேட்டறியாமல் வெளிநாட்டுக் கருவியைத் தருவித்தால், ஓராண்டில் அது அலமாரியின்மேல் ஏறிவிடும். இதை விளக்கியபோது மைத்துனரும் ஏற்றுக்கொண்டு, பொருளுக்குப் பதிலாகப் பணத்தை அனுப்பினார்.

பணம் போன வழி

அப்பணத்தில் முதற்செலவு கருவிக்கன்று, அடுப்பங்கரைக்கு. இரண்டாவது எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தோம். சுவரில் துளையிட்டுப் புகைபோக்கி விசிறி பொருத்தினோம். வெந்நீர் அடுப்பைக் கொல்லையில், சன்னலுக்கு எட்டாத தொலைவில் ஒரு கீற்றுக் கொட்டகைக்கு மாற்றினோம். தாயாருக்கு இது உடன்பாடில்லை. "காட்டுல சும்மா கெடக்கிற விறகை விட்டுட்டுக் காசைக் கொளுத்தச் சொல்றியா?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை, ஐம்பதாண்டுச் சிக்கனம் அது. என் மனைவிதான் மெல்லச் சொன்னாள்: "விறகு சும்மா கெடைக்குது மாமி; மூச்சு சும்மா கெடைக்குதா?" அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் தம் கைப்பட அடுப்புக் கற்களைப் பெயர்த்துக் கொடுத்தார்.

அடுத்து நல்ல கொசுவலைகள் இரண்டு. எஞ்சிய தொகையோடு என் ஊதியத்தில் சிறிது சேர்த்து, உறங்கும் அறைக்கு மட்டும் ஒரு கருவி வாங்கினோம். பகலில் சன்னல்களைத் திறந்து வைக்கிறோம். மாலையில் எவரேனும் சருகு கொளுத்தும் வாடை வந்தால் அடைத்துவிட்டுக் கருவியை ஓடவிடுகிறோம். வாரந்தோறும் அதன் முன்வலையைத் தூசு தட்டும் பொறுப்பை முகத்தில் துணி கட்டிக்கொண்டு என் மனைவி ஏற்றிருக்கிறாள்.

ஓராண்டு கழிந்துவிட்டது. மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்தை மகள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. கருவி மருந்தாகாது. ஆயினும் சென்ற மார்கழியில் இழுப்பு வந்த இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மருந்து, வலை, அடுப்பு, கருவி ஆகிய நான்கும் சேர்ந்து தந்த நிம்மதி அது. தாயாரின் நுரையீரல் இழந்த ஆற்றல் திரும்பி வரப்போவதில்லை. மேலும் கெடாமல் காக்கலாம். அல்ஹம்துலில்லாஹ், இருமல் குறைந்திருக்கிறது.

சகோதர, சகோதரிகளே! வசதியுள்ளோர் கருவி வாங்கட்டும், தக்கதாக வாங்கட்டும். ஆனால் வரிசை மாறவேண்டாம். முதலில் புகையின் பிறப்பிடம், பிறகு காற்றோட்டம், அதன்பின் கருவி. முதலிரண்டுக்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. குறிப்பாக ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் புறப்படுமுன் உங்கள் அடுப்பங்கரைக்குள் சென்று கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அங்கே படிந்திருக்கும் கரி, நம் தாய்மாரும் மனைவிமாரும் சுவாசித்ததுபோக மிஞ்சியது.