அத்துமீறியவர் யார்?

திரிங்காப் வட்டாரத்திலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிராணி உத்தியோகம் பார்ப்பவன் யான். கொழுந்தின் எடையும், ஆட்களின் பேரும், உரமூட்டைக் கணக்கும் எழுதுவது என் அன்றாட வேலை. இவற்றோடு, ‘நுழையாதே’, ‘தொடாதே’ என்று அவ்வப்போது எழும் அறிவிப்புப் பலகைகளுக்கு வாசகம் அமைத்துக் கொடுப்பதும் என் தலையில் விழுந்த பணி. மூன்று மொழிகளிலும் பிழையின்றி எழுதுகிறவன் என்ற பெயர் எனக்கு உண்டு. அதில் சிறிது பெருமையும் கொண்டிருந்தேன். சில மாதங்களுக்கு முன் எழுதிய பலகை ஒன்று அப்பெருமையைக் குலைத்துவிட்டது. அதன் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தேன்.

எங்கள் தோட்டத்தின் மேற்புறத்தில் பழைய ஆலைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. புதிய ஆலை ஏற்பட்டபின் அது கைவிடப்பட்டது. பொறிகளைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். கூரைத் தகரத்தில் பாதியைக் காற்று கொண்டு போயிற்று. எஞ்சியது தளம் ஒன்றே. தேயிலைத் தொழிலை அறியாத பட்டணத்து அன்பர்களுக்கு இத்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பறித்த கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். பிறகு உருட்டுப் பொறியிலிட்டுக் கசக்குவார்கள். கசங்கிய இலை காற்றுப்பட்டுச் செம்பு நிறமடையும் பொருட்டு, வழவழப்பான தளத்தின்மேல் மெல்லிதாகப் பரப்பி வைப்பார்கள். அதன் பின்னரே உலர்த்துவது. இலை பரப்பும் அத்தளத்தில் பள்ளமோ வெடிப்போ இருத்தலாகாது. இருந்தால் பழைய சாறு அதில் தங்கி அடுத்த நாள் இலையைக் கெடுத்துவிடும். ஆதலின் அதைக் கண்ணாடிபோல் இழைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டியவர்கள் நம்மவர், அதன்மேல் குனிந்து நிமிர்ந்து உழைத்தவர்களும் நம்மவர்.

ஆலை மூடிய பிறகு அவ்விடத்திற்கு வேறு குடிகள் வந்தனர். லாலாங் புல் சுவர்வரை ஏறிற்று. சம்பள நாளில் சாராயப் புட்டியோடு சிலர் அங்கே ஒதுங்கினர். பெண்கள் அவ்வழியே நடப்பதை விட்டனர். அக்காலத்தில் எந்த அறிவிப்புப் பலகைக்கும் என்னிடம் வாசகம் கேட்டார் இல்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் அந்தப் பக்கமிருந்து, தகரத்தின்மேல் மழை பெய்வது போன்ற ஓசை கேட்டது. மழையோ இல்லை. போய்ப் பார்த்தேன். ஏழெட்டுச் சிறார், ஆங்கிலத்தில் ஸ்கேட்போர்டு என்று வழங்கும் சக்கரப்பலகையின்மேல் நின்று, அத்தளத்திலே இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தனர். நம் லயத்துப் பிள்ளைகள் நால்வர். காய்கறித் தோட்டக்காரராகிய சீனர் ஒருவரின் மகன். அங்காடியில் கடை வைத்திருக்கும் மலாய்க்காரரின் பிள்ளைகள் இருவர். கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவரின் மகள், பதினான்கு பிராயத்தினள். அவர்களிடம் இருந்த பலகைகள் மூன்றே. முறை வைத்து ஏறினார்கள்.

என்னைக் கண்டதும் நின்றுவிட்டனர். கிராணி வந்தால் விளையாட்டு நிற்பது தோட்டத்தின் பழைய வழக்கம். அடியேனும் ஒரு கிராணியின் மகனே. சிறுவனாயிருந்த காலத்தில் லயத்துப் பிள்ளைகளோடு கூடி விளையாட எந்தையார் என்னை விட்டதில்லை. கடன் பட்டு என்னை ஆங்கில வழிப் பள்ளிக்கு அனுப்பினார். ‘நீ அவர்களைப் போன்றவன் அல்லன்’ என்று நாள்தோறும் சொல்லி வளர்த்தார். வேலிக்கு இப்புறம் நின்று அவர்களுடைய பந்தாட்டத்தைப் பார்த்தே என் மாலைப்பொழுதுகள் கழிந்தன. பந்து வேலியைத் தாண்டி வந்தால் எடுத்து எறிவேன். அதுவே என் ஆட்டம். எனவே, என்னைக் கண்டு ஓர் ஆட்டம் நின்றதைக் கண்டபோது எனக்கு உண்டான உணர்ச்சி இன்பமானதன்று.

பிறகு பல நாள் அங்கே போனேன். அச்சிறார் செய்த வேலையைக் கண்டு வியந்தேன். புல்லை வெட்டியிருந்தனர். உடைந்த புட்டிச் சில்லுகளைச் சாக்குகளில் அள்ளி அகற்றியிருந்தனர். உடைந்த செங்கற்களைச் சுவரோரம் குவித்து, அதன்மேல் சாந்து பூசி, ஏறி இறங்கத்தக்க ஒரு சரிவைக் கட்ட முயன்றனர். முதற் சரிவு மூன்றாம் நாளே பிளந்தது. ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்து, “தம்பிகளா, சாந்து காய்வதால் இறுகுவதில்லை, ஈரத்தில்தான் இறுகும்” என்று சொல்லி, ஈரச் சாக்குகளால் ஏழு நாள் மூடிவைக்கக் கற்பித்தார். நான்கு சுவர்களுக்குள் கணக்குப் புத்தகத்தோடு இருபதாண்டு கழிக்கப்போகும் எனக்கும் அது புதிய பாடமாயிருந்தது. ஒவ்வொரு நாளும் ஆட்டம் தொடங்குமுன் தளத்தைப் பெருக்குவார்கள். காரணம் கேட்டேன். சக்கரத்தின் கீழ் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் பலகை நின்றுவிடும், மேலிருப்பவன் நிற்கமாட்டான் என்றார்கள். பெருக்குவதற்கும் முறை உண்டு. ஆண் பெண் என்ற வேற்றுமை அதில் இல்லை.

இவ்விளையாட்டின் பூர்வோத்தரத்தைப் படித்தறிய அவாவினேன். 1950-களில், அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் அலைமீது சறுக்கி விளையாடிய வாலிபர்கள், அலை எழாத நாட்களுக்காகத் தரையில் ஓடும் பலகையை நாடினார்களாம். இரும்பும் களிமண்ணும் கொண்டு செய்த பழைய சக்கரங்கள் வழுக்கி விழச் செய்தன. 1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் செய்த சக்கரம் வந்தபின் பலகை தரையைப் பற்றி ஓடலாயிற்று. 1976, 1977-ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் கடும் வறட்சி. செல்வர் வீட்டு நீச்சற் குளங்கள் வற்றிக் கிடந்தன. வாலிபர்கள் அவ்வெறுங்குளங்களில் இறங்கி, அவற்றின் வளைந்த சுவர்களில் ஏறி ஓடிக் கற்றார்கள். பிறர் பயனற்றதென விட்ட இடத்தைப் பயன்படுத்துவது இவ்விளையாட்டின் பிறவிக் குணம் போலும்!

இதன் சிறந்த சான்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் உள்ளது. அங்கே பெர்ன்சைட் என்ற பாலத்தின் அடியில், நல்லோர் நடமாட அஞ்சிய ஓர் இடம் கிடந்தது. 1990-ஆம் ஆண்டில் சில வாலிபர்கள் எவரிடமும் அனுமதி கேளாது, பாலத்துச் சுவரோரம் சிறிது சிமெண்டுச் சரிவு கட்டினார்கள். ஆட்டம் வளர்ந்தது, சரிவுகளும் வளர்ந்தன. தீயோர் நடமாட்டம் குறைந்ததைக் கண்ட அக்கம்பக்கத்து வணிகர் அவர்கள் பக்கம் பேசினர். நகராட்சி இடிக்கவில்லை, பின்னர் ஒப்புதலே அளித்தது. லண்டன் மாநகரிலோ, தேம்ஸ் நதியின் தென்கரையில் கலைமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் 1970-களிலிருந்து ஆடிவந்த இளைஞரை அகற்றிக் கடைகள் அமைக்க 2013-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் எழுந்தது. அவர்கள் கல்லெறியவில்லை, கையொப்பம் திரட்டினார்கள். 2014-ஆம் ஆண்டில் அவ்விடம் அவர்களுக்கே நிலைபெற்றது.

‘அவையெல்லாம் வெள்ளையர் தேசத்து வசதி, நமக்கேது?’ என்று கேட்பவர் உளர். அன்னோர் மத்தியப் பிரதேசத்திலே பன்னாப் புலிக்காட்டின் அருகிலுள்ள ஜன்வார் என்னும் சிற்றூரை நோக்குக. உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானிய மாது 2015-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சக்கரப்பலகைத் திடலை அமைத்தார். விதிகள் இரண்டு. பள்ளிக்குப் போகாதவர்க்குப் பலகை இல்லை. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். கோண்டு பழங்குடியினரும் யாதவரும் தனித்தனியே வாழ்ந்த அவ்வூரில், பிள்ளைகள் ஒரே திடலில் ஒருவர் கையை ஒருவர் பற்றி ஏறினர். அத்திடலில் கற்ற ஆஷா கோண்டு என்னும் பெண், 2018-ஆம் ஆண்டில் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டாள். நம் மாமல்லபுரத்துக் கடற்கரையில் சக்கரப்பலகை ஓட்டிய ஒரு சிறுமியைப் பற்றி ‘கமலி’ என்ற குறும்படம் 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, பெண்களுக்கான ஒரு போட்டியில் பொற்பதக்கம் வென்றவள் பதின்மூன்று பிராயமுடைய ஜப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியா. இதனைத் தெருப்பொறுக்கிகளின் விளையாட்டு என்று இன்னும் சொல்வோமானால், அறியாமை நம்முடையதே.

இவற்றையெல்லாம் படித்தறிந்த பின்னரும் நான் செய்ததைக் கேளுங்கள். ஒரு மாலை சிறுவன் ஒருவன் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். மறுநாளே நிர்வாகத்திடமிருந்து எனக்கு உத்தரவு வந்தது: பலகை எழுது. எழுதினேன். ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதிய பின், தமிழிலே, ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்று அழகிய எழுத்தில் எழுதினேன். சந்திப்பிழை இல்லை. ஆணியும் சுத்தியலுமாக நானே எடுத்துச் சென்றேன்.

அந்தப் பெண் தளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“கிராணி ஐயா, அத்துமீறல் என்றால் என்ன?”

“நமக்கு உரிமையில்லாத இடத்தில் புகுவது, அம்மா.”

அவள் சிறிது யோசித்தாள். “நாங்கள் இங்கே பத்துச் சாக்குப் புட்டிச் சில்லு அள்ளினோமே, ஐயா. அவர்கள் உட்கார்ந்து குடித்தபோது இந்தப் பலகை எங்கே இருந்தது?”

அவள் குரலில் துடுக்கு இல்லை. உண்மையில் தெரிந்துகொள்ளவே கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஆணியடிக்க ஓங்கிய கை தானே இறங்கிற்று. பலகையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. நிர்வாகம் அஞ்சியதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எலும்பு முறிவது மெய். கூரைத் தகரம் விழக்கூடும் என்பதும் மெய். பெற்றவர் வந்து கேட்டால் ஒருவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால், ஆபத்தைக் காட்டி இடத்தை மூடுவது எளிது. ஆபத்தைக் குறைத்து இடத்தைக் காப்பது பிரயாசை. குடித்தவனுக்குத் திறந்து கிடந்த வாயில், பெருக்கியவளுக்கு மட்டும் அடைபடுவது எந்த நீதியில் சேரும்? இம்மலைக் காட்டை வெட்டித் திருத்திய நம் முன்னோர்க்கு ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. லயமும் தோட்டத்தினுடையது, வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், ‘இது எங்கள் இடம்’ என்று ஓரிடத்தை நினைத்து நாள்தோறும் பெருக்குவதை நான் என் கையெழுத்தால் குற்றமாக்கப் பார்த்தேன்.

மறுநாள் நிர்வாகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். கூரையில் தொங்கும் தகரங்களைக் கழற்றிவிடலாம். தலைக்கவசம் இன்றி ஏறலாகாது. பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இருட்டியபின் எவரும் இருத்தலாகாது. ஆறு மாதம் பார்த்து, தீங்கு மிகுந்தால் நிறுத்திவிடலாம் என்று விவரமாக எழுதிக் கீழே கையொப்பமிட்டேன். இத்தனை ஆண்டு உத்தியோகத்தில், பிறர் சொல்ல எழுதாமல் நானே நினைத்து எழுதிய முதற் கடிதம் அதுவே. கை நடுங்கிற்று என்று ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் மனைவி மக்கள் உண்டு.

பதில் இன்னும் வரவில்லை. சம்மதமும் இல்லை, தடையும் இல்லை. பலகை என் அலுவலகத்தில் அலமாரிக்குப் பின்னே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறது. நாளைக்கே அதை மாட்டச் சொன்னால் என் செய்வேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். மணிக்கட்டு முறிந்த சிறுவன் கட்டவிழ்த்து வந்துவிட்டான். இப்போது கவசம் அணிந்துதான் ஏறுகிறான். தகரங்களில் நான்கைக் கொத்தனாரும் பிள்ளைகளும் தாங்களே கழற்றிவிட்டனர்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழன்பர்களே! உங்கள் பக்கத்திலும் மூடிக்கிடக்கும் சாவடி ஒன்றோ, கைவிட்ட கொட்டகை ஒன்றோ இருக்கும். அங்கே பிள்ளைகள் ஏதோ ஓசை செய்தால், கோலை எடுத்துக்கொண்டு போகுமுன், ஒருமுறை வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். பெண் பிள்ளை விளையாடினால் ‘வீட்டுக்குப் போ’ என்று விரட்டாது, அவளுக்கும் முறை வருகிறதா என்று பாருங்கள். நம் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று மேடையில் புலம்பும் நாம், அவர்கள் கெடாமல் நிற்பதற்கு ஓரிடம் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்வது தகும்.

சென்ற வாரம் திரிங்காப் அங்காடியில் அவர்களுக்கு இரண்டு விளக்குமாறு வாங்கிக் கொடுத்தேன். தோட்டக் கணக்கில் அன்று, என் கணக்கில்.