தோல் வாலும் தூரத்துக் கண்ணாடியும்

காங்கேயம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காளைதான். 2017ல் சல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே கூடியபோது காங்கேயம் காளையின் படம் எங்கும் பறந்தது. சித்திரையில் கண்ணபுரத்தில் மாட்டுச்சந்தை கூடும்போது முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு பட்டணத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கொம்புக்கு ஒரு படம், திமிலுக்கு ஒரு படம். அந்தக் காளைக்கு வாரும் வடமும் தோலில் தைத்துக் கொடுத்தவனுக்கும், அது செத்தால் இழுத்துப்போய் உரித்தவனுக்கும் படம் கிடையாது. மாட்டுக்குப் பரம்பரை எழுதிவைத்த ஊர், அவனுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம்கூட எடுத்து வைக்கவில்லை.

காளையைப் படம் எடுக்க வருகிறவருக்குப் பண்ணாடி வீட்டில் கட்டில் போடுவார்கள், இளநீர் வெட்டுவார்கள். மாதாரி வளவிலிருந்து கேமராவோடு போகிறவனுக்கு எந்தக் கதவும் அப்படித் திறப்பதில்லை. அதனால்தான் தூரத்தில் நின்று எடுக்கிற டெலி லென்ஸ் எனக்குத் தேவைப்பட்டது. இந்தக் கட்டுரை அந்த லென்சுக்கு ஒரு ஹூட் தேடியதைப் பற்றியது. ஹூட் என்பது லென்சின் வாயில் மாட்டுகிற குழல். வெயிலுக்கு எதிரே பார்க்கும்போது புருவத்துக்கு மேலே கையை வைத்துக்கொள்கிறோமே, அந்தக் கை. அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் அதைத் தேடிப்போன வழியெல்லாம் சாதி நின்றுகொண்டிருந்தது.

லென்ஸ் பழசு. சோவியத் நாட்டில் செய்த ஜூப்பிட்டர் 37ஏ, 135 மில்லிமீட்டர். ஜெனித் கேமராவோடு வந்தது. டிஜிட்டல் வந்து ஒரு ஸ்டூடியோ மூடியபோது பழைய சாமான் விலைக்கு வாங்கினேன். இன்று புது டெலி லென்ஸ் வாங்க என் பனியன் கம்பெனிச் சம்பளம் காணாது. ஒன்றரை ஷிப்டு செக்கிங் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமரா எடுக்கிறவன் நான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டிஜிட்டல் கேமராவில் இடையில் ஒரு வளையம் போட்டு அந்த லென்சை மாட்டியிருக்கிறேன். போகஸ் கையால் திருப்ப வேண்டும். திருப்பினால் படம் கூர்மையாகத்தான் வருகிறது.

காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய்க் களங்கள் ஏராளம். சிமெண்டுத் தளத்தில் தேங்காயை உடைத்துப் பரப்பி, காயவைத்து, பருப்பெடுத்து எண்ணெய் ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஒரு களத்தில் வேலை செய்த பதினோரு பெண்களுக்குக் கூலி பாக்கி நின்றது. மனு கொடுத்தார்கள். களத்துக்காரர் தரப்பில் வந்த பதில், "இந்தப் பொம்பளைக நம்ம களத்துல வேலையே செய்யலீங்." வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. பதினோரு பேரில் ஏழு பேர் அப்போதும் அங்கேதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேறு வேலைக்கு எங்கே போவது? அவர்களில் மூத்த அம்மா ஒருத்தர் வளவுக்கு வந்து என்னிடம் கேட்டார்: "படம் புடிச்சுக் குடு தம்பி. மொகத்த மறைச்சுப் போடாத. மொகம் தெரிஞ்சாத்தான நாங்க அங்க இருந்தது தெரியும்."

நம்மைப் படம் எடுக்கிறவர்கள் நம் நன்மைக்காகவே முகத்தை மறைப்பதாகச் சொல்வார்கள். இங்கே முகம்தான் சாட்சி. என் பொறுப்பு அவ்வளவு தெளிவாக இருந்தது.

களத்துக்குள் போக முடியாது. வெளியே தார் ரோடு, நடுவில் கம்பி வேலி, அந்தப் பக்கம் முப்பது மீட்டர் தள்ளிப் பெண்கள். என் கேமராவில் இந்த லென்ஸ் முப்பது மீட்டர் தூரத்தில் சுமார் ஐந்து மீட்டர் அகலத்தைக் காட்டும். நாலைந்து பேரும், பின்னால் பெயர் எழுதிய சுவரும் சேர்ந்து விழும். ஆனால் ரோடு கிழக்கே, களம் மேற்கே. எல்லோரும் ஒன்றாகக் கூடிப் பருப்பைக் குவித்துத் தார்ப்பாய் மூடுவது பொழுது சாயும் நேரத்தில். சூரியன் நேர் எதிரே. கீழே வெள்ளைச் சிமெண்டு, அதன்மேல் வெள்ளைத் தேங்காய். முதல் வாரம் எடுத்த படங்களில் பெண்கள் புகைக்குள் நிற்பதுபோல இருந்தார்கள். உருவம் உண்டு, மூக்கு முழி இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. நாம் எடுக்கிற காட்சிக்கு வெளியே இருந்து வருகிற வெளிச்சமும் லென்சின் முன்கண்ணாடியில் விழுகிறது. அது உள்ளே கண்ணாடிக்குக் கண்ணாடி மோதிச் சிதறி, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் வெளுக்கவைக்கிறது. பல அடுக்குப் பூச்சு லென்ஸ்களில் 1970களில்தான் பரவலாக வந்தது. என்னுடையதில் ஒற்றைப் பூச்சுதான், வெளிச்சத்தை அதிகம் சிதறவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாயங்கால வெயிலுக்கு எதிரே நிற்கிற கறுத்த முகம் ஏற்கெனவே நிழலில் இருக்கிறது. வெளுப்பு முதலில் தின்பது நிழலைத்தான். வெள்ளைச் சுவர் நன்றாகவே விழுந்திருந்தது. எங்கள் சனங்களின் முகம்தான் போயிருந்தது.

திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் கேமராக் கடைகளில் கேட்டேன். ரப்பர் ஹூட் இருக்கிறது. ஆனால் அவை 50 மில்லிமீட்டர் லென்சுக்கானவை, கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அகலமாகப் பார்க்கிற லென்சுக்குக் குட்டையான, விரிந்த ஹூட் போதும். நீளமாகப் போட்டால் படத்தின் நாலு மூலையும் கறுத்துவிடும். டெலி லென்ஸ் குறுகலாகப் பார்க்கிறது, அதற்கு நீளமான ஹூட்தான் நிழல் கொடுக்கும். பழைய உலோக ஹூட் தபாலில் வரும், விலை லென்ஸ் விலைக்குப் பக்கத்தில். அதை வாங்கினாலும் மாட்ட முடியாது. என் லென்சின் வாய்வளையம் 52 மில்லிமீட்டர் மரை. முன்பு வைத்திருந்தவர் எப்போதோ கீழே போட்டதில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. திருகி மாட்டுகிற எதுவும் ஏறாது. மேலே போர்த்திச் செருகுகிற குழல்தான் வேண்டும்.

வழி கம்பெனியிலேயே கிடந்தது. பின்னலாடைக்கு நூல் சுற்றி வருகிற அட்டைக் கோன். நூல் தீர்ந்ததும் மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. கோன்களில் ஒரு வகைக்குச் சரிவு 5 பாகை 57 கலை என்று கணக்கு. என் கேமராவில் இந்த லென்ஸ் பார்க்கிற கோணம் மூலைக்கு மூலை சுமார் 12 பாகை, நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 6. அதாவது லென்ஸ் பார்வை எப்படி விரிகிறதோ கிட்டத்தட்ட அப்படியே அந்தக் கோனும் விரிகிறது. கோனின் அகன்ற பக்கத்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் விட்டு அறுத்தேன். குறுகிய பக்கம் லென்ஸ் மேல் இறுக்கமாக ஏறியது. அகன்ற வாய் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வானத்தைப் பார்த்து எடுத்துச் சோதித்ததில் மூலை கறுக்கவில்லை.

அளவு சரி, பொருள் சரியில்லை. அட்டையின் உள்பக்கம் வழவழப்பு, கறுப்பு மை அடித்தும் சாய்ந்த வெளிச்சத்தில் மினுங்கியது. இரண்டு ஞாயிறு கை வியர்வை பட்டதும் வாய் கோணிக்கொண்டது. இதே வடிவத்தில் தோலில் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. தோல் என்றால் எங்கள் குடும்பத்தில் யாரிடம் போக வேண்டும் என்று யோசிக்கத் தேவையில்லை. என் சித்தப்பன் செருப்புத் தைக்கிறவர்.

கோனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்றா தம்பி, பறிவாலாட்ட இருக்குது?"

"ஆமாங் சித்தப்பா. தண்ணிக்குப் பதுலு வெளிச்சம் போவுது."

"அப்ப எங்கய்யன் தெச்சதத்தான் உனக்கும் தெக்கறனாட்ட இருக்குது" என்று சிரித்தார்.

இன்றைய மாணவர்களுக்குப் பறிவால் தெரியாது. கிணற்றிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் தண்ணீர் முகக்கிற பாத்திரம் பறி. அதன் அடியில் தோலால் தைத்த நீளமான குழல் வால். மாடு முன்னே போகப் பறி மேலே வரும், வாலின் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். கொங்கு நாட்டின் வறண்ட மண்ணில் விளைந்த ஒவ்வொரு பட்டமும் எங்கள் பாட்டன்மார் தைத்த தோல்குழல் வழியாகத்தான் பாய்ந்தது. நாங்கள் தைத்த வால் கிணற்றுக்குள் இறங்கலாம், நாங்கள் இறங்கக் கூடாது. தண்ணீர் எங்கள் தோலில் பட்டுக் காட்டுக்குப் போனால் தீட்டில்லை, எங்கள் கை பட்டால் தீட்டு. இதற்கு எந்த சாஸ்திரம் என்ன விளக்கம் சொல்லும்? கூலி காசாகக் கிடையாது. அறுப்பு முடிந்து எல்லோருக்கும் அளந்தபின் களத்தின் ஓரத்தில் நிற்கவைத்துப் போடுகிற தானியம். 1932ல் தொடங்கிய பைக்காரா மின்சாரம் மெல்லமெல்லக் கிணறுகளுக்கு வந்தது. மோட்டார் வந்ததும் வால் போயிற்று, தானியமும் போயிற்று. இழிவு மட்டும் அப்படியே நின்றது.

என் அய்யன் இந்த ஹூட்டுக்கு எதிரி. அவர் குத்தூசியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர். "பேனா புடிக்கோணும்னு உன்னய அனுப்புனா, சுத்திச் சுத்தித் தோலுக்கே வந்து நிக்கற" என்றார். அவர் கோபத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1953ல் ராஜாஜி அரசு அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று எதிர்த்தார்கள், 1954ல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. சட்டத்திலிருந்து போனதை ஊர் விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவனைப் பார்த்து "செருப்புத் தெச்சாப் போதாதா" என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகும் உண்டு. எங்களில் ஒருவன் தோலைத் தொடாமல் இருப்பது அய்யன் தலைமுறைக்கு ஒரு வெற்றி. அந்த வெற்றியை நான் குறைக்க மாட்டேன்.

ஆனால் தைக்கத்தான் செய்தோம். ஒரு கோனை நீளவாக்கில் கிழித்து விரித்தால் வில் வடிவத்தில் அளவு கிடைத்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை அந்த அளவுக்கு வெட்டி, தண்ணீரில் நனைத்து, இன்னொரு கோன்மேல் சுற்றிக் கட்டிக் காயவைத்தார் சித்தப்பன். காய்ந்ததும் தோல் அந்த வடிவத்திலேயே நின்றது. விளிம்போடு விளிம்பு சேர்த்து மெழுகு நூலில் தையல். வழவழப்பான பக்கம் வெளியே, சொரசொரப்பான சதைப்பக்கம் உள்ளே. சொரசொரப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. கறுப்புக்குக் கடைச் சாயம் வாங்கவில்லை. கடுக்காய் ஊறிய தண்ணீரைத் தடவி, துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் ஊறப்போட்ட நீரை அதன்மேல் பூசினார். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து தோலுக்குள்ளேயே கறுத்தது. மேலே பூசிய மைபோல உரியவில்லை, மினுங்கவும் இல்லை.

அந்த ஹூட்டோடு எடுத்த படங்களில் முகம் விழுந்தது. முக்காட்டுக்குக் கீழே கண், கன்னத்து மச்சம், எல்லாம். ஹூட் எல்லாவற்றையும் செய்துவிடாது. சூரியன் நாலு மணிக்கு மேல் தாழ்ந்தால் வெளிச்சம் குழலுக்குள் நுழைந்துவிடும், தொப்பியைக் கழற்றி மேலே பிடிக்க வேண்டும். சூரியனே படத்துக்குள் வந்துவிட்டால் எந்த ஹூட்டும் உதவாது.

பட்டணத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஹூட்டைப் பார்த்துவிட்டு, "என்ன அருமையான பாரம்பரியக் கைவினை, இதை விடாமல் காப்பாற்ற வேண்டும்" என்றார். யார் காப்பாற்றுவது? அவர் பிள்ளையா, என் பிள்ளையா? அறிவு எங்களுடையது, மறுக்கவில்லை. அதை எங்கள் தலையில் கட்டியது சாதி, அதையும் மறக்கவில்லை. சித்தப்பனுக்கு நான் கொடுத்தது கூலி. என்ன வேண்டும் என்று கேட்டு, அவர் சொன்ன காசை எண்ணி, கையில் கொடுத்தேன். பறிவாலுக்கும் இந்த ஹூட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். முதல் தடவையாக அந்தக் குழல் எங்கள் காரியத்துக்காகத் தைக்கப்பட்டது.

தூரத்தில் நின்று எடுப்பதே தவறு என்று வாதிடுகிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 2017ல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனிகுமார் துப்புரவுத் தொழிலாளர்களின் பக்கத்திலேயே நின்றவர். நெருங்க முடிந்த இடத்தில் நெருங்கத்தான் வேண்டும். ஆனால் வேலி போட்டது நானல்ல. எங்களை எட்டி நிற்கவைத்த சமூகம், எட்டி நின்று படம் எடுப்பதற்கு மட்டும் எங்களிடம் அறம் கேட்கக் கூடாது. படத்தில் இருப்பவர் கேட்டு எடுக்கிறோமா, அவருக்குத் தெரியாமல் திருடுகிறோமா என்பதே கேள்வி. அந்தப் பெண்கள் வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பி, வேண்டுமென்றே நின்றார்கள்.

படங்களை மனுவோடு கொடுத்தோம். "வேலையே செய்யலீங்" என்ற பேச்சு நின்றுபோயிற்று. இப்போது "எத்தனை நாள் செஞ்சாங்க" என்று பேசுகிறார்கள். நாலு பேருக்குப் பணம் வந்தது, ஏழு பேருக்கு வரவேண்டும். அய்யன் அந்த ஹூட்டை இன்னும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. படங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக விரல் வைத்து, இது இன்னார் மகள், இது இன்னார் மருமகள் என்று பதினோரு பேரில் ஏழு பேரையும் பெயர் சொன்னார்.