கிள்ளத் தெரிந்த கை

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு சாந்த்ராகாச்சி ஒரு நிலையத்தின் பெயர், அவ்வளவுதான். ஹௌரா மாவட்டத்து இந்த ஊரைக் குளிர்காலத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். மாடிச் சுவர் நெடுக மண்தொட்டிகள். சாமந்தி, டேலியா, துலுக்கச் சாமந்தி. டிசம்பர் கடைசியில், வீடு வீடாகப் போய்ச் செடி பார்க்கும் ஒரு மாலியுடன் அப்படியொரு மாடிக்கு ஏறினேன். ஒடிசாக்காரர். கொல்கத்தா வட்டாரத் தோட்டங்களில் அவர் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக வேலை செய்கிறார்கள்.

வந்ததும் அவர் பூவைப் பார்க்கவில்லை. இலையைத் திருப்பினார். மொட்டுக் காம்பில் அசுவினி அப்பியிருந்தது. விரலால் வழித்துவிட்டு, வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து தெளித்தார். பிறகு ஒவ்வொரு தொட்டியிலும் விரலை விட்டு ஈரம் பார்த்தார். காய்ந்த தொட்டிக்கு மட்டும் தண்ணீர், அதுவும் தூரில். "சாயங்காலம் ஊற்றாதீங்க தாதா (அண்ணா). ராத்திரிப் பனியும் சேர்ந்தால் இலையில் புள்ளி விழும்."

மூலையில் ஒரு வாளி நாறியது. ஒரு வாரமாக ஊறும் கடுகுப் பிண்ணாக்கு. பால் விடாத தேநீர் நிறத்துக்கு வரும்வரை நீர் சேர்த்துத்தான் ஊற்றுகிறார். மொட்டில் நிறம் தெரிந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

அடுத்து, பெரிய ரகச் சாமந்தியில் தாமதமாக வந்த ஒரு செடி. கிளைக்கு ஒரு மொட்டை விட்டு மற்றதையெல்லாம் கிள்ளிப் போட்டார். வீட்டு அம்மா பதறிப்போனார். "விட்டால் எல்லாமே பொத்தான் அளவில்தான் பூக்கும், பௌதி (அண்ணி)" என்றார் மாலி, கையை நிறுத்தாமல். துலுக்கச் சாமந்திக்குக் கணக்கு வேறு. அதற்கு இளஞ்செடியிலேயே நுனி கிள்ளியாகிவிட்டது. பக்கக் கிளை வெடித்து நிறையப் பூக்கிறது. வாடிய பூக்களைக் காம்போடு நறுக்கினார். விட்டுவைத்தால் செடி விதை கட்டப் போய்விடும், புது மொட்டு குறையும்.

இந்த ஊர் ஏரியிலும் இதே அளவறிந்த கழித்தல்தான். குளிர்காலத்துக்கு முன் ஆகாயத்தாமரையை அகற்றுகிறார்கள். ஆனால் முழுக்க வழித்தெடுத்தால் வந்திறங்கும் சீழ்க்கைச் சிரவி வாத்துகளுக்கு உட்கார இடமிருக்காது. அதனால் திட்டுத்திட்டாக விட்டுவைக்கிறார்கள்.

பூ ஓய்ந்தபின் சாமந்தியை அடியை ஒட்டி வெட்டிவிடுவாராம் மாலி. தூரிலிருந்து வரும் இளங்குருத்துகளைக் கோடையிலும் மழையிலும் காப்பாற்றி, அவற்றிலிருந்து குச்சி ஒடித்து மணலில் வேர்பிடிக்க வைக்க வேண்டும். அடுத்த குளிர்காலத்துப் பூ அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அந்த மாதங்களில் மாடியில் பார்க்க ஒன்றுமிருக்காது. பல வீடுகளில் பிப்ரவரியோடு அவரை நிறுத்திவிடுகிறார்கள்.

"பூவுக்குத்தான் கூலி கொடுக்கிறாங்க தாதா. தூருக்கு யாரும் கொடுக்கிறதில்லை. அப்புறம் நவம்பரில் நர்சரியில் போய்ப் புதுச்செடி வாங்குவாங்க" என்றார். அந்த வீட்டில் மட்டும் அவருக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. சற்றுமுன் மொட்டுக்காகப் பதறிய அம்மாதான் அதற்கும் காரணம்.