நாவுக்கு முந்திய கை

முப்பது ஆண்டுகளாக நாம் செய்துவரும் பணி ஒலியைத் திருத்துவது. திண்டுக்கல் பேகம்பூரில் விடியற்காலை ஓத வரும் பிள்ளைகளுக்கு, ஐன் எங்கே பிறக்கிறது, காஃப் எங்கே பிறக்கிறது என்று தொண்டையைத் தொட்டுக் காட்டியே காலத்தைக் கடத்திவிட்டோம். அத்தகைய வீட்டிற்குக் காது கேளாத பேத்தி ஒருத்தியை இறைவன் அருளினான்.

ஒன்றரை வயதாகியும் அவள் ஒரு சொல் மிழற்றவில்லை. "நமக்கும் மூன்று வயதில்தான் பேச்சு வந்ததாம், பொறுத்திருங்கள்" என்று வீட்டாரைத் தடுத்தவர் நாமே. ஒருநாள் மகள் குழந்தையின் பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் போட்டாள். கூடத்தில் உறங்கிய பூனை துள்ளி ஓடிற்று, குழந்தை திரும்பவேயில்லை. "அத்தா, இனியும் பொறுக்கச் சொல்கிறீர்களா?" என்று அவள் கேட்டாள். நம் சொல்லால் வீணான மாதங்களை எண்ணி நாம் தலைகுனிந்தோம்.

மருத்துவர் செவிக்குள் கருவி பொருத்தும் அறுவை பற்றிச் சொன்னார். தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே அது சிறு குழந்தைகளுக்குச் செய்யப்படுகிறது. ஆயினும் கருவி பொருத்திய மறுநாளே பேச்சு வந்துவிடாது. கேட்பது இன்னதென்று பிரித்தறியவே நெடும்பயிற்சி வேண்டும். குளிக்கும்போதும் உறங்கும்போதும் வெளிக்கருவியைக் கழற்றிவிடுகிறார்கள். அதுவரையிலும் அப்பொழுதும் குழந்தைக்கு மொழி எது?

"கையால் பேசப் பழக்கினால் வாய் திறக்காது" என்றனர் உறவினர். இது நம் ஊர்க் கருத்து மட்டுமன்று. 1880இல் மிலான் நகரில் கூடிய செவிடர் பள்ளி ஆசிரியர் மாநாடே கைமொழியை வகுப்பறையிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. அதற்கு அதே மாநாட்டு அமைப்பு வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆயிற்று! இதற்கிடையில் 1991இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்று, கைமொழி பேசும் பெற்றோரின் செவிட்டுக் குழந்தைகள் விரல்களாலேயே மழலை பழகுவதைக் காட்டியது. மழலைக்கு நாவும் ஒன்று, விரலும் ஒன்று. அதை எதிர்கொண்டு விடை சொல்ல ஆள்தான் வேண்டும்.

நமக்கு இதில் வியப்பு ஏற்பட்டிருக்கவே கூடாது. நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் மூன்று நாள் சைகையாலன்றிப் பேசாதிருந்த வரலாற்றை ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கிறோம். ஊமையின் அறியப்பட்ட சைகை நாவின் சொல்லுக்கு நிகர் என்பது நம் ஹனபி சட்ட நூல்களின் விதி. உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லாவிலும் அது இடம்பெற்றுள்ளது. நிக்காஹுக்கும் வியாபாரத்திற்கும் செல்லுபடியாகும் கைக்குத் தொட்டிலருகே இடமில்லையென்று எப்படிச் சொல்வது?

நம் தெருவிலேயே பூட்டுப் பட்டறையில் வேலை செய்யும் காது கேளாதவர் ஒருவர் இருக்கிறார். அரம் தேய்க்கும் கிறீச்சொலியால் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துபோகும் பட்டறை அது. பல்லாண்டுகளாக அவருக்குத் தலையசைத்ததன்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. 'ஊமை' என்றே பெயர் வைத்துவிட்டோம். இப்போது அவரிடம் மாணவராகச் சென்று அமர்ந்தோம். நம் கையைப் பிடித்து விரலை மடக்கித் திருத்தினார், நாம் பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்துவது போலவே. ஐயம் வந்தால் கைப்பேசியைப் பார்ப்போம். 2015இல் தில்லியில் தொடங்கிய இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை 2021இல் படக்காட்சிகளாகவே வெளியிட்டிருக்கிறது.

வீட்டில் சிலவற்றோடு தொடங்கினோம்: பால், தண்ணீர், உறக்கம், போதும். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர் என்பது எந்தத் தமிழனுக்கும் தெரிந்ததுதானே! குழந்தை நம் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். பொருளைக் கொடுக்குமுன் கையைக் காட்ட வேண்டும். வீட்டார் அனைவரும் ஒரே விதமாய்க் காட்ட வேண்டும். அவள் விரல் கோணலாக மடங்கினாலும் அதை மழலையாகக் கொள்ள வேண்டும். இருபது நாள் ஒன்றும் நிகழவில்லை. இருபத்தோராம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நன்னியின் சேலையை இழுத்துக் கட்டைவிரலைச் சாய்த்தாள். அன்று அவளுக்குத் தாகம் இல்லை. எத்தனை முறை கொடுத்தாலும் ஒரு வாய் குடித்துவிட்டு மீண்டும் கேட்டாள். கேட்டால் கிடைக்கிறது என்னும் புதுமையே அவளுக்குப் போதுமாயிருந்தது.

காது கேட்கும் குழந்தைகளுக்கும் இதைக் கற்பித்தால் அறிவு பெருகும் என்று கலிபோர்னியாவில் 1980களில் எழுந்த கருத்து இன்று உலகெங்கும் விற்பனையாகிறது. இங்கிலாந்தில் 40 குழந்தைகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் பேச்சு விரைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. தாய்மார் குழந்தையின் குறிப்பைக் கூடுதலாய்க் கவனித்தனர் என்பதே கண்ட பயன். செவியுள்ள குழந்தைக்குக் கைமொழி அணிகலன். எம் பேத்திக்கோ அது உணவு.

நெகேவ் பாலைவனத்தில் அல் சையித் என்றொரு முஸ்லிம் பதவி மக்கள் ஊர் உண்டு. 2005இல் ஆய்வாளர் எழுதியபோது, அங்கே ஏறத்தாழ 3,500 பேரில் 150 பேர் காது கேளாதவர். எவரும் சென்று கற்பிக்காமலே அவ்வூரில் ஒரு கைமொழி பிறந்தது. கேட்பவரும் அதைப் பேசுகின்றனர்; அங்கே செவிடராயிருப்பது தனிமையன்று. எம் தெருவில் இதுவரை ஆறு பேர் தேறியிருக்கிறார்கள். பால்காரரும் அவர்களில் ஒருவர்.

அறுவை முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஒலிகளை அவள் மெல்ல மெல்ல அடையாளம் காண்கிறாள். பெயர் சொல்லி அழைத்தால் சில வேளை திரும்புகிறாள். எமக்கு அவள் வைத்த பெயர் மட்டும் மாறவில்லை. பள்ளிவாசலிலிருந்து நாம் திரும்புவதை வாசலிலிருந்தே கண்டுவிட்டால், தன் சின்னஞ்சிறு முகவாயின்கீழ் இல்லாத தாடியை இருமுறை உருவிக் காட்டுகிறாள்.