படுக்கை வரை எத்தனை படி?

சென்ற வாரம் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த கோடையில் குடும்பத்தோடு பாரிசுக்குச் செல்லவிருக்கிறார்; தாயார், மனைவி, இரு குழந்தைகள், அவர் என ஐவர். "நீங்கள் போய்வந்தவர்தானே, நகர மையத்தில் வசதியான விடுதி ஒன்றின் பெயரைச் சொன்னால் போதும்" என்று கேட்டிருந்தார். பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் 2025 மே மாதத்தில் நான் தேர்ந்தெடுத்த விடுதியும் நகர மையத்தில்தான் இருந்தது. வசதியானது என்றுதான் தங்கிய பலரும் எழுதியிருந்தார்கள். ஆகவே பெயருக்குப் பதில் நடந்ததைச் சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

பிரான்சு தேசிய நூலகத்தின் ரிஷெலியூ வளாகத்தில் தமிழ்ச் சுவடிகள் இருப்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு அலுவலராக இருந்த ஏரியல் திரட்டிய ஏடுகளும் அவற்றில் அடங்கும். அவற்றுள் சிலவற்றைப் பார்க்க எனக்கு நான்கு நாள் வேலை இருந்தது. என் ஒருவனுக்கான செலவைப் பல்கலைக்கழகம் ஏற்றது. மனைவி தன் ஈராண்டுச் சேமிப்பை எடுத்து வைத்து, "எல்லாரும் போகலாம், அத்தையும் வரட்டும்" என்றார். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஒரத்தநாட்டுப் பக்கம் பிறந்தவர். அப்பா மறைந்த பின் ஐதராபாத்தில் எங்களோடு இருக்கிறார். அப்பா இருந்தவரை எந்த ஊருக்குப் போனாலும் உறவினர் வீடு, இல்லையேல் கோயிலடிச் சத்திரம். விடுதி என்ற ஒன்றில் அம்மா தங்கியதே இல்லை.

ஆய்வாளனிடம் விடுதி தேடச் சொன்னால் என்ன செய்வான்? அட்டவணை போடுவான். நாற்பத்திரண்டு விடுதிகள், ஒவ்வொன்றுக்கும் நூலகத்திலிருந்து தொலைவு, லூவ்ரிலிருந்து தொலைவு, நோத்ர தாமிலிருந்து தொலைவு, இரவு வாடகை, தங்கியவர் அளித்த மதிப்பெண். பாரிசு நகரம் 20 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் முதலாம் வட்டம், அதிலிருந்து நத்தை ஓட்டின் சுழிபோல எண்கள் வெளிநோக்கிச் சுற்றிச் செல்லும். பிரான்சின் நெடுஞ்சாலைத் தொலைவுகள் நோத்ர தாம் முற்றத்திலிருந்து அளக்கப்படுகின்றன. இவ்வளவு தெளிவாக மையம் குறிக்கப்பட்ட நகரில் மையத்தைத் தேடுவது கடினமா என்ன! சிறிய எண், சிறந்த இடம் என்று முடிவுகட்டினேன். என் அட்டவணையில் பதினோரு பத்திகள் இருந்தன. படிக்கட்டு என்றொரு பத்தி இல்லை.

இன்னொரு பிழையும் செய்தேன். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும் என்பதால், முதலில் விலக்கிக்கொள்ளக்கூடிய முன்பதிவு ஒன்றைச் செய்திருந்தேன். விசா கைக்கு வந்ததும் அதை விலக்கிவிட்டு, இரண்டாம் வட்டத்தில், நூலகத்துக்கு ஏழு நிமிட நடைத்தொலைவில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு அறைகளைப் பதிவு செய்தேன். அறை ஒன்றுக்கு இரவுக்கு 130 யூரோ, ஏழு இரவு. பணம் திரும்பாது என்ற நிபந்தனையை ஏற்றதற்காகக் கிடைத்த சலுகை விலை அது. அந்த நாற்பத்திரண்டில் மிகச் சிறந்த தேர்வு இதுவே என்று மனைவியிடம் விளக்கப்படம் போட்டுக் காட்டினேன். ஆய்வேட்டை முடிக்க இந்த ஊக்கம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றார் அவர்.

விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் சென்றோம். சேன் ஆற்றின் வலக்கரைக்கு அப்போது 56 யூரோ. நெரிசல் எப்படி இருந்தாலும் அதே கட்டணம். தொடர்வண்டியில் அப்போது பெரியவர்க்கு ஆளுக்கு 13 யூரோ. பெட்டிகளோடும் முதியவரோடும் செல்வோர் இந்த வேறுபாட்டைச் சேமிக்க முயல வேண்டாம். அந்தப் பயணத்தில் நான் சரியாகச் செய்த முதல் காரியமும், சில நாள்வரை ஒரே காரியமும் அதுதான்.

தெருவாசலில் இரண்டு படி. உள்ளே மின்தூக்கி இருந்தது உண்மை. ஆனால் அத்தகைய பழைய கட்டடங்களில் மின்தூக்கி பின்னாளில் சுழற்படிக்கட்டின் நடுக்குடைவில் செருகப்பட்டது. அதை அடைய ஒன்பது படி ஏற வேண்டும். கதவில் மூவருக்கு என்று எழுதியிருந்தது. ஒருவரும் ஒரு பெட்டியும் நிற்கலாம். அது தளங்களுக்கு இடைப்பட்ட மேடையில்தான் நிற்கும். அம்மாவின் அறைக்கு அங்கிருந்து நான்கு படி இறங்க வேண்டும். எங்களுக்கு இரண்டாம் தளம். அம்மாவுக்கும் மகளுக்கும் நான்காம் தளம். இரு அறைகளும் பக்கத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தேன். கேட்டுக்கொண்டதாகவும் பதில் வந்திருந்தது. காலை உணவு நிலவறையில். வளைந்த கற்கூரையுடன் புகைப்படத்தில் மிக அழகாகத் தெரிந்த இடம். பதினேழு படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். இந்த எண்களெல்லாம் நான் பின்னர் எண்ணியவை. முதல் நாள் என் கண்ணில் பட்டது சன்னலுக்கு வெளியே தெரிந்த சாம்பல் நிறத் துத்தநாகக் கூரைகளின் வரிசைதான்.

முதல் நாள் மாலை லூவ்ர் முற்றம் வரை அம்மா வந்தார். மறுநாள் காலை, "பயணக் களைப்பு, நீங்க போய்ட்டு வாங்க தம்பி" என்றார். நான் நூலகம் சென்றேன். மனைவியும் மகளும் நோத்ர தாம் சென்றார்கள். தீவிபத்துக்குப் பின் 2024 திசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட ஆலயம். உட்புறக் கல் புதிதாய்ப் பிறந்ததுபோல் வெளுத்திருக்கிறது என்று மனைவி சொன்னார். மூன்றாம் நாளும் அம்மா வரவில்லை. "ஜன்னல்லேர்ந்து பாத்தாலே ஊரு தெரியுது. கீழ ஒரு ரொட்டிக்கடை இருக்கு, அதுக்கு வர்ற ஜனத்தப் பாத்துக்கிட்டே இருக்கலாம்." எனக்கு அது அம்மாவின் இயல்பாகத் தோன்றியது. கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். தவிரவும், உண்மையைச் சொன்னால், எனக்கு அது சௌகரியமாக இருந்தது. நூற்றைம்பது ஆண்டுப் பழமையுள்ள ஓர் ஏட்டின் மூலைமுறிவைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா ஓய்வெடுக்கிறார் என்பது நினைக்க இதமான செய்தி.

மூன்றாம் நாள் இரவு உணவின்போது மகள்தான் சொன்னாள். அவளுக்கு ஆறு வயது. எதையும் குறையாகச் சொல்லவில்லை, புதினமாகச் சொன்னாள். "அப்பாயி குளிக்கிறதே இல்லப்பா. துண்ட நனைச்சுத் துடைச்சுக்கிறாங்க. தொட்டி உயரமா இருக்குல்ல, காலத் தூக்க முடியல. தண்ணியும் குடிக்க மாட்டேங்கிறாங்க, ராத்திரி எந்திரிக்கணுமாம்." காலை உணவுக்கு? "நான் மேல பன்னு எடுத்துட்டுப் போறேன்ல."

அம்மா அவளை அதட்டவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏழு நாளுக்குக் காசு கட்டியாச்சுல்ல. நாலு நாள்தான, ஓடிப்போயிரும்" என்றார்.

தினமும் இரண்டு வேளை குளிப்பவர் அவர். காய்ச்சல் வந்த நாளிலும் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையாதவர். குளிக்காத உடம்போடு மூன்று நாள், முன்பின் அறியாத நகரில், நான்காம் தளத்தில். இரண்டு தளம் கீழே நான் படுத்திருந்தேன்.

அன்றிரவே வேறிடம் தேடினேன். இம்முறை அட்டவணை இல்லை. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் தங்கினால் அம்மாவுக்கு இட்லி, தோசை, பிள்ளையார் கோயில் எல்லாம் பக்கத்தில் இருக்குமே என்று முதலில் எண்ணினேன். அம்மாவிடம் கேட்டேன். "இட்லி திங்கிறதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த?" என்றார். சரிதான். (ஆனால் மறுநாள் அங்கிருந்து பொன்னி அரிசி வாங்கி வந்ததும், ரசம் வைத்ததும் அவர்தான்.)

கடைசியில் பன்னிரண்டாம் வட்டத்தில், பெர்சி என்ற இடத்தில், சிற்றடுக்களையோடு கூடிய புதிய கட்டடம் ஒன்றில் இடம் கிடைத்தது. நோத்ர தாமிலிருந்து ஏறக்குறைய 3 கி.மீ.; என் அட்டவணையில் இதற்கு இடமே இருந்திருக்காது. தொலைபேசியில் அழைத்து நான் கேட்டவை இரண்டே: தெருவிலிருந்து படுக்கை வரை எத்தனை படி? குளிக்குமிடத்துக்குக் காலை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்? மறுமுனையில் இருந்த பெண் சிறிதும் வியப்படையவில்லை. படியே இல்லை, சக்கர நாற்காலியில் வருவோருக்கென அமைத்த ஓர் அறை இருக்கிறது, எவரும் கேட்கவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இரவுக்கு 190 யூரோ, நால்வருக்கும் சேர்த்து. பழைய விடுதியில் மீதி நான்கு இரவுக்கான 1,040 யூரோ போயிற்று. ரூபாயில் ஏறத்தாழ ஒரு லட்சம். வரவேற்பு மேசையில் இருந்தவர் கனிவாகத்தான் பேசினார்; நிபந்தனையை நான் ஒப்புக்கொண்டு அழுத்திய நாளையும் நேரத்தையும் திரையில் காட்டினார். அவர்மீது குறையில்லை. அந்தத் தொகையை அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பதிவை அவர் படிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

புதிய அறையில் அம்மா முதலில் செய்தது குளித்தது. தரையோடு தரையாக இருந்த குளியலிடம், சுவரில் மடக்கி வைத்த இருக்கை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் மூவரும் வெளியே உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகுதான் பெர்சியின் அருமை தெரிந்தது. பாரிசு மெட்ரோ 1900இல் தொடங்கியது. முந்நூறுக்கு மேற்பட்ட நிலையங்கள். பெரும்பாலானவற்றில் படிக்கட்டுதான் வழி. பழைய விடுதியைச் சுற்றி இருந்த நிலையங்களும் அப்படியே. அவை நெருக்கமாக இருந்ததை நான் பெரிய நற்பேறாகக் குறித்து வைத்திருந்தேன். 1998இல் திறக்கப்பட்ட பதினான்காம் தடத்தில் மட்டும் நிலையந்தோறும் மின்தூக்கி உண்டு. அது பெர்சி வழியாகச் செல்கிறது. அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் ஷாத்லே. நோத்ர தாமுக்குப் பக்கம். மூன்றாவது பிரமீத், என் நூலகத்துக்குப் பக்கம். ஓட்டுநர் இல்லாத வண்டி என்பதால் முன்கண்ணாடி பயணிகளுக்கே உரியது. மகளும் அம்மாவும் சுரங்கத்தின் இருளைப் பார்த்தபடி முதல் பெட்டியில் நின்றார்கள். உட்காரச் சொன்னால் இருவருமே கேட்கவில்லை. திரும்பும்போது பேருந்து, சேன் ஆற்றங்கரையோடு சன்னலோர இருக்கையில் பாலம் பாலமாக வருவது அம்மாவுக்கு வாய்த்தது. பிற்பகல்களில் பெர்சிப் பூங்கா. பழைய திராட்சைமதுக் கிடங்குகள் இருந்த நிலம் அது. இன்றும் சிறிய திராட்சைத் தோட்டம் ஒன்றைப் பேணுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, கொடிக்குப் பந்தல் போடாமல் குச்சி நட்டிருக்கிறார்களே என்று அம்மா குறைப்பட்டார்.

கடைசி நாள் ரிஷெலியூ நூலகத்தின் நீள்வட்ட மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி உள்ளே போய் உட்காரலாம். தலைக்குமேல் கண்ணாடிக் கூரை, சுற்றிலும் புத்தகச் சுவர். அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "நம்மூரு ஏடு எங்க இருக்கு?" என்றார். இங்கே இல்லை, இன்னொரு பக்கம், எல்லாருக்கும் காட்டமாட்டார்கள் என்றேன். "பத்திரமா இருந்தா சரி" என்றார்.

ஒரு ஆய்வாளனின் இடைச்செருகல்: ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி 1802இல் அமைத்த முத்தம்மாள் சத்திரம், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்கானது. நடந்து களைத்தவருக்கு முதலில் வேண்டியது எது என்ற கேள்வியிலிருந்து பிறந்த கட்டடங்கள் அத்தகையவை: உட்காரும் உயரத்தில் திண்ணை, கால் கழுவ நீர், பிறகு சோறு. அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் நான். விடுதி தேடியபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

நண்பருக்கு எழுதியவை சில, பிறருக்கும் பயன்படலாம். மின்தூக்கி உண்டா என்று கேட்காதீர்கள். அது எந்த மட்டத்தில் தொடங்கி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். குளியலறைப் படம் இல்லாத விடுதியைத் தவிருங்கள். இருவர் கட்டில் அங்கே 140 செ.மீ. அகலமே இருக்கலாம், பாட்டியும் பேரக்குழந்தையும் படுக்க அது போதாது. பல விடுதிகளில் வெந்நீர்க் கெண்டி வைப்பதில்லை. விடியற்காலைக் காப்பி இல்லாமல் நாளைத் தொடங்காதவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறையில் நீர்க்குழாய் இராது. ஒரு குவளையும் பெட்டியில் இருக்கட்டும். தங்கியவர்களின் கருத்துகளில் குழந்தைவண்டியோடு போனவர்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள். படிகளை எண்ணியிருப்பவர்கள் அவர்களே. வீடு திரும்பும் நாள்வரை, விலக்கிக்கொள்ளக்கூடிய முன்பதிவையே வைத்திருங்கள். சலுகை விலையின் உண்மை விலையை மேலே சொல்லிவிட்டேன்.

ஐதராபாத் திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மையார் ஈஃபெல் கோபுரம் எப்படி இருந்தது என்று கேட்டார். "அது இருக்கு ஒரு பக்கம்" என்று அம்மா தொடங்கி, ஓட்டுநர் இல்லாத வண்டிக்குப் போய், "உக்காந்தே குளிக்கலாம், அப்படி ஒரு வசதி" என்று முடித்தார். முந்தைய மூன்று நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நண்பர் உடனே பதில் எழுதினார். நன்றி சொல்லிவிட்டு, தன் தாயாருக்கு முழங்கால் வலியெல்லாம் கிடையாது, கேட்டுப் பார்த்துவிட்டேன், நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார் என்று எழுதியிருந்தார். அவரைக் கேட்காதீர்கள், அவரோடு ஒரே அறையில் படுக்கும் உங்கள் மூத்த மகளைக் கேளுங்கள் என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.