துளை போடாமல் ஒரு விளக்கு

எருமப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் லாரியோடு ஒட்டாத பிழைப்பு குறைவு. பண்ணைக்குத் தீவனம் வர வேண்டும், முட்டை விடியுமுன் கிளம்ப வேண்டும். சுமார் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நாமக்கல்லோ லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர். தச்சர், வெல்டர், பெயின்டர் ஆகியோரின் உழைப்பு வண்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். உள்ளே ஒயர் இழுக்கிற ஆட்டோ எலக்ட்ரீசியனின் உழைப்பு பலகைக்கும் தகரத்துக்கும் பின்னால் மறைந்துவிடுகிறது. அதைக் கிட்ட இருந்து பார்க்கத்தான் துறையூர் சாலையோரம் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன்.

கூரைக்குக் கீழே ஒரு டாரஸ் லாரி நின்றது. அதன் பக்கத்தில், கரும்பச்சை நிறத்தில், இரண்டு கதவு வைத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960களில் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கட்டிய கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கேலோட்டி. அதே காரின் சேசிஸைக் குறுக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் விளக்கும் சேர்ந்து, மூக்குப் பக்கமாகச் சாய்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்க இதைவிட வசதியான வண்டி கிடையாது.

காரை வைத்திருப்பவர் கோழிப்பண்ணைக்காரர். தாத்தா வாங்கிய வண்டியாம். அவருடைய கவலை நியாயமானது. கார் தாழ்வானது, நிறமும் கருமை. உச்சிவெயிலில் ஓட்டி வரும் லாரி டிரைவரின் கண்ணுக்கு, சாலையோரப் புளியமர நிழலுக்குள் வரும் இந்தக் கார் சட்டென்று தெரியாது. அதனால் பகலிலும் எரியும் விளக்கு இரண்டு போட வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"ஹெட்லைட்டையே பகல்ல போட்டுட்டு ஓட்டுனா ஆகாதுங்களாண்ணா?" என்று கேட்டார் அவர்.

"ஓட்டலாமுங்க. பேட்டரிதான் சாயங்காலத்துக்குள்ள படுத்துக்கும்" என்றார் எலக்ட்ரீசியன். ஐம்பது வயதைத் தாண்டியவர். லாரி ஒயரிங்கிலேயே கை பழகியவர்.

பிறகு கணக்கைச் சொன்னார். பழைய ஹெட்லைட் இரண்டும் பின்விளக்குகளும் சேர்ந்தால் நூறு வாட்டுக்கு மேல் போகும். 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர். இந்தக் காரில் இருப்பது ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. ஓட்டத்தில் இருபது ஆம்பியர் வரை தரும். சந்தைக் கூட்டத்தில் மெதுவாக ஊர்ந்தால் ஏறக்குறைய ஒன்றுமே தராது. எல்.இ.டி. விளக்கு ஒன்று எட்டு வாட் என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவுதான். டைனமோவுக்கு அது பாரமே இல்லை.

பேட்டரியைப் பார்த்ததும் உதவிப் பையனைக் கூப்பிட்டார். "தம்பி, எர்த்து எதுல போகுதுன்னு பாருடா."

பையன் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தான். பிளஸ் முனைதான் பாடியில் இறங்கியிருந்தது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். இன்றைய வண்டிகளில் மைனஸ்தான் பாடிக்குப் போகும். குண்டு பல்புக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி. மாற்றிக் கொடுத்தால் எரியாது, சமயத்தில் கெட்டும் போகும். வாங்கி வைத்திருந்த விளக்கின் அலுமினிய உறை உள்ளே கறுப்பு ஒயரோடு சேர்ந்திருந்தது. உறை பாடியில் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே போல்ட்டுக்கு ரப்பர் புஷ் போட்டு, இருபுறமும் ஃபைபர் வாஷர் வைத்து, மீட்டரில் ஒருமுறை சரிபார்த்த பிறகே முறுக்கினார். சிவப்பு ஒயரைப் பாடிக்குக் கொடுத்தார், கறுப்பை ரிலேக்குக் கொண்டுபோனார்.

ரிலே வேலை எனக்குப் புரியும்படி தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். சாவி திருப்பினால் வரும் கரண்ட், ரிலே சும்மா இருக்கும்போது 30ஆம் முனையிலிருந்து 87ஏ வழியாகப் பகல் விளக்குக்குப் போகும். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டதும் ரிலே இழுக்கும், 87ஏ விட்டுவிடும், பகல் விளக்கு தானாக அணையும். இரவில் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்காது. கரண்ட் எடுக்கும் இடத்தை ஒட்டியே மூன்று ஆம்பியர் ஃபியூஸ். ஒவ்வொரு நுனியிலும் லக் வைத்து அழுத்தி, ஸ்லீவ் ஏற்றிச் சூடுகாட்டிச் சுருக்கினார். முறுக்கி டேப் சுற்றுவது எங்கேயும் இல்லை. "டேப்பு வெயிலுக்கு எளகுமுங்க. அப்புறம் லாரி பத்திக்கிச்சுன்னு பேப்பர்ல வரும்" என்றார்.

பகல் விளக்கு குளிர்நாடுகளில் பிறந்த பழக்கம். சூரியன் தாழ்ந்து கிடக்கும் ஸ்வீடனில் 1977லேயே பகலிலும் விளக்கைச் சட்டமாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய ரகக் கார்களுக்குத் தனிப் பகல் விளக்கு கட்டாயம். நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளின் விளக்கு, எஞ்சின் ஓடும்வரை எரிகிறது. ஐரோப்பிய விதி தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமும், விளக்குகளுக்கிடையே 60 சென்டிமீட்டர் இடைவெளியும் கேட்கிறது. எலக்ட்ரீசியன் அந்த அளவுகளைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். நூல் பிடித்து இரு பக்கமும் சமம் பார்த்துத்தான் பொருத்தினார்.

காரில் அவர் ஒரு துளைகூடப் போடவில்லை. லாரி பாடியில் மிஞ்சிய தகட்டை வெட்டி மடக்கி, பம்பரில் ஏற்கெனவே இருந்த போல்ட்டிலேயே மாட்டினார். பழைய ஒயர் எதையும் வெட்டவும் இல்லை. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருஷத்தைத் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவுசெய்ய அதன் சேசிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். இந்த வேலையை நாளைக்கே கழற்றினாலும் கார் பழையபடி நிற்கும். அந்த அடக்கம்தான் என்னை மிகவும் ஈர்த்தது.

இந்தத் திறமைக்கு நாம் தரும் மதிப்பு போதாது. இப்போது பல லாரிகள் கேபினும் ஒயரிங்கும் முடிந்தே கம்பெனியிலிருந்து வருகின்றன. மிஞ்சும் வேலையில் பேரம் பேசும் உரிமையாளர் முதலில் குறைக்கச் சொல்வது ரிலேயையும் ஃபியூஸையும்தான். கலர் லைட்டுக்குத் தாராளமாகக் கொடுப்பவர், ஒயருக்கு மேல் போடும் ஸ்லீவுக்குக் கணக்குப் பார்க்கிறார். ஐ.டி.ஐ.யில் வாகன மின்சாரத் தொழிலுக்குப் படிப்பு இருக்கிறது. டைனமோவும் பிளஸ் எர்த்தும் கைவந்த இவரைப் போன்றவர்களை வாரம் ஒருநாளாவது அங்கே அழைத்துப் பாடம் நடத்தச் செய்யலாம்.

வண்டிக்கு விளக்குப் போடப் போகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: வெளிச்சம் எவ்வளவு என்று விசாரிக்கும்போதே ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். அதைக் காட்டத் தெரிந்தவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள்.