மூக்கு நுனியில் ஒரு துளி

விலங்குக்கூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கையில் நான் முதலில் கொடுப்பது தராசுதான். தினமும் ஒரே நேரத்தில், கூண்டில் தூள் மாற்றுவதற்கு முன், சுண்டெலிகளை நிறுத்துப் பழகட்டும். ஃப்ளூ ஏறிய எலி எடையில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மயிர் சிலிர்த்துக் கூனி உட்காருவதெல்லாம் அதற்கப்புறம்.

எங்களிடம் பெரும்பாலும் கறுப்பு பி6, வெள்ளை பால்ப்-சி. எது திடமான எலி என்று கேட்பவர்களிடம், எந்த வைரஸுக்கு என்று திருப்பிக் கேட்பேன். சுண்டெலி சைட்டோமெகலோவைரஸைக் கறுப்பு எலி சமாளித்துவிடும். தொற்றிய செல்லின் மேல் வைரஸ் கொண்டுவந்து வைக்கும் எம்157 புரதத்தை, அதன் இயற்கைக் கொல்லி செல்லிலுள்ள எல்ஒய்49எச் ஏற்பி கண்டுகொள்ளும். வெள்ளைக்கு அந்த ஏற்பி கிடையாது. ஆனால் ஃப்ளூ என்றால் இரண்டுமே சாயும். இரண்டிலும் எம்எக்ஸ்1 மரபணுவில் ஒரு பெரிய துண்டு காணாமல் போயிருக்கிறது.

அந்த மரபணு முழுதாக இருப்பது ஏ2ஜி எலியில். மற்ற எலிகளைக் கொல்லும் அளவு வைரஸை அது தாங்குவதை 1962-இல் எழுதியவர் லிண்டன்மன். இன்டர்ஃபெரான் வந்து தட்டியதும் எம்எக்ஸ்1 புரதம் உருவாகி, செல்லின் உட்கருவில் நின்று வைரஸ் பெருகுவதைத் தடுக்கும்.

ஏ2ஜி-யின் அந்த ஒரு மரபணுவை மட்டும் கறுப்பு எலிக்குள் கொண்டுவந்த வரிசையை நாங்கள் வளர்த்தோம். ஒருமுறை, நல்ல பிரதி ஒன்றுகூட இல்லாத குட்டி ஒன்று, மயக்கி மூக்கில் ஃப்ளூ வைரஸ் துளி விட்ட பிறகும் எடை குறையாமல் பிழைத்துக்கொண்டது. புது மரபணு கிடைத்துவிட்டதென்று எனக்கு ராத்தூக்கமே இல்லை. அடையாளத்துக்குப் போட்ட காதுத் துளையைச் சரிபார்த்தேன்; வால் நுனி எடுத்து மறுபடியும் பிசிஆர் போட்டேன். எல்லாம் சரி. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஐயா கேட்டது ஒன்றே ஒன்று: “துளி எங்கப்பா போச்சு?”

மயக்கம் போதவில்லை, எலி துளியை விழுங்கியிருக்கிறது. நுரையீரலுக்குப் போக வேண்டிய வைரஸ் வயிற்றுக்குப் போய்விட்டது. அதே மரபணு அமைப்புள்ள எலிகளுக்கு ஐயா கையாலேயே கொடுத்தபோது எல்லாமே இளைத்தன.

அவர் கை அவசரப்படவே படாது. பிடரித் தோலைப் பிடித்து எலியை நிமிர்த்தி வைப்பார். வேகமாக இருந்த மூச்சு ஆழமாகி நிதானப்படும்வரை சும்மா இருப்பார். மூச்சு உள்ளே போகும் கணத்தில் மூக்கு நுனியில் சின்னத் துளி. அது உறிஞ்சப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. மொத்தமே 30 மைக்ரோலிட்டர்தான். கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நிமிர்த்தியே பிடித்திருப்பார். இதில் பாதி வர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

குமிழி வந்ததா, தும்மியதா, விழுங்கியதா என்று ஒவ்வொரு எலிக்கும் நோட்டில் குறி போடுகிறேன். முதல் எடை பார்ப்பதற்கு முன்பே, அந்தப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிடுவேன்.